பால் சொசைட்டிக்கு, டீ பிள்ளைக்கு

என் மகளுக்குப் பால்பல் விழுந்து முன்பல் முளைத்தபோதே அதில் சுண்ணாம்பு தொட்டு இழுத்ததுபோல வெள்ளை வரிகள் இருந்தன. மூன்றாம் வகுப்பு போவதற்குள் வரிகள் பழுப்பேறின. "ஒழுங்கா பல்லு வெளக்குறியா இல்லையாடி?" என்று தினமும் ஏசினேன். ஒருநாள் அடுப்புக்கரியையும் உப்பையும் சேர்த்து நானே தேய்த்துவிட்டேன். ஈறில் ரத்தம் வந்தது, கறை போகவில்லை. "வெளக்குனேம்மா, நெசமாத்தான்" என்று அழுதாள். நான் நம்பவில்லை.

எங்கள் ஊர் வேடசந்தூர் பக்கம். கிணறு வற்றியபின் 600 அடிக்கு போர் போட்டிருந்தோம். அந்தத் தண்ணீரைச் சுண்டக் கொதிக்கவைத்துத்தான் பிள்ளைக்குக் கொடுத்தேன், சுத்தமாகிவிடும் என்று. காலையில் வெறும் வயிற்றில் பால் ஊற்றாத டீ. இரண்டு மாடு கறந்தது. கடன் இருந்ததால் பால் அத்தனையும் சொசைட்டிக்குப் போனது.

2016-இல் திண்டுக்கல்லில் ஒரு பல் டாக்டரிடம் போனோம். வாயைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "என்ன தண்ணிம்மா குடிக்கிறீங்க? பிள்ளை பால் குடிக்குமா?" முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். இரண்டாவதற்கு வாய் வரவில்லை.

கறை மேலே ஒட்டியதல்ல என்றார். ஈறுக்குள் பல் உருவாகும் வயதிலேயே ஃபுளோரைடு எனாமலைக் கெடுத்துவிட்டது. நம் சமவெளியின் அடிப்பாறையில் அது இருக்கிறது, ஆழத்தில் நெடுநாள் கிடக்கும் தண்ணீரில் கரைந்து வருகிறது. இந்தியாவில் இந்த நோயை முதலில் எழுதிவைத்ததே 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில்தான். கொதிக்கவைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும்; ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கி இன்னும் கூடும். போதாததற்குத் தேயிலையிலும் அது உண்டு.

பால் விஷயம்தான் என்னை அறுத்தது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போகும் ஃபுளோரைடு அனேகமாக முழுதும் ரத்தத்தில் ஏறிவிடும். அதே நேரம் வயிற்றில் பாலோ கேழ்வரகுக் கூழோ இருந்தால், அதிலுள்ள கால்சியம் ஃபுளோரைடைப் பிடித்து எளிதில் கரையாத உப்பாக்கிவிடும். ஒரு பங்கு உடம்பில் ஏறாமல் மலத்தோடு போய்விடும். மக்னீசியமும் இப்படிப் பிடிக்கும். மீதி ஏறத்தான் செய்யும், அதனால் தண்ணீரை மாற்றாமல் பாலை மட்டும் நம்பக் கூடாது என்றும் சொன்னார். ஆனாலும் அந்த ஒரு பங்கைத் தடுக்கும் பொருள் என் தொழுவத்திலேயே இருந்தது. அதை நான் தினமும் கேனில் ஊற்றி அனுப்பினேன்.

தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தோம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. எங்கள் போர் அதைத் தாண்டியிருந்தது. அன்றிலிருந்து குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீர்தான். வருகிற நாளில் குடம் குடமாகப் பிடித்துவைப்பேன். காலையில் கேழ்வரகுக் கூழ், வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை. ஒரு சொம்புப் பாலை எடுத்துவைத்த பிறகுதான் கேன் வாசல் தாண்டும்.

மகள் இன்றைக்கும் வாயைப் பொத்தித்தான் சிரிக்கிறாள். அவள் தம்பி 2017-இல் பிறந்தான். 2024-இல் அவனுக்கு முன்பல் முளைத்தபோது, அவன் உதட்டைத் தூக்கி வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தவள் அவள்தான். பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "வெள்ளையா இருக்கும்மா. திட்டிராத."