யாம் கண்ட ஹுத்ஹுத்

முப்பதாண்டுகளாக நம்ல் அத்தியாயத்தை ஓதிக்கொடுத்து வருகிறோம். ஸுலைமான் நபி (அலை) அவர்களின் அவையில் காணப்படாமற்போய், பின்னர் ஸபா நாட்டுச் செய்தியுடன் திரும்பிய ஹுத்ஹுத் யாது என மாணவர் வினவும்போதெல்லாம், 'மரங்கொத்தி' என்றே விடையிறுத்தோம். எம் ஆசிரியர் அவ்வாறு சொன்னார். கிதாபின் ஓரத்தில் அதனை எழுதியும் வைத்திருந்தோம்.

2023 மாசியில் பழைய மாணவர் ஒருவர், தாமிரபரணிக் கரையிலுள்ள தம் தென்னந்தோப்புக்கு எம்மை அழைத்தார். பறவைகளுக்கென வரப்புப் புல்லை வெட்டாமலும், பட்டுப்போன தென்னையைச் சாய்க்காமலும் விட்டிருக்கிறார். பூச்சிமருந்தை நிறுத்திப் பல்லாண்டுகளாயினவாம். எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், ஸுரத் எனும் நான்கையும் கொல்லலாகாதென்னும் அபூதாவூத் ஹதீஸை யாம் ஓதிக்கொடுத்த நாளே அதற்குக் காரணம் என்றார். ஓதிக்கொடுத்த எமக்கு அந்நாள் நினைவில்லை!

சுப்ஹு தொழுகைக்குப்பின் வாய்க்கால் ஓரம் அமர்ந்தோம். முதலில் வந்தது பொன்முதுகு மரங்கொத்தி. தென்னையைப் பற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றி மேலேறிற்று. தரையை ஏறிட்டும் பார்க்கவில்லை. சற்றுப்பொறுத்து எமக்குப் பின்னிருந்து, தாழ்ந்த மெல்லிய குரலில், 'ஹுத்... ஹுத்... ஹுத்' என்றொரு கூவல். திடுக்கிட்டுத் திரும்பினோம். பறவை தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது! மணல் நிற உடல். கருப்பும் வெள்ளையும் கலந்த சிறகு. தரையில் வந்திறங்கியதும் கொண்டையை விசிறிபோல் விரித்து மடக்கியது.

"கொண்டலாத்தி, ஹஜ்ரத்" என்றார் மாணவர்.

வளைந்த நீண்ட அலகை ஈரமண்ணில் ஊன்றிப் புழுவை இழுத்தெடுத்தது. மண்ணுக்கடியிலுள்ள நீரை ஹுத்ஹுத் அறியும் எனத் தஃப்ஸீர்களில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! மரத்தைக் கொத்தும் பறவைக்கு மண்ணோடு என்ன வேலை என ஒருமுறையேனும் எண்ணினோமில்லை.

பட்ட தென்னையின் பொந்தில் அதன் கூடு இருந்தது. அருகே செல்லவொண்ணா நாற்றம். ஹிஜ்ரி 808இல் மறைந்த தமீரீ, தம் 'ஹயாத்துல் ஹயவான்' நூலில் இந்நாற்றத்தைச் சொல்லி, சாணத்தில் கூடு கட்டுவதே காரணம் என்பார். அடைகாக்கும் பெட்டையும் குஞ்சுகளும் வாலடிச் சுரப்பியிலிருந்து வெளியிடும் கசிவே காரணம் என இன்றைய ஆய்வாளர் கண்டுள்ளனர். முன்னோர் காரணத்தில் தவறினாலும் நாற்றத்தையேனும் அறிந்திருந்தனர், யாம் அதுவுமில்லை.

ஊர் திரும்பியதும் கிதாபின் ஓரத்தில் எழுதியிருந்ததை அடித்துத் திருத்தினோம். முகவரி கிடைத்த மாணவர்களுக்குக் கடிதமும் எழுதினோம். பினாங்கில் இமாமாக இருப்பவர் மட்டும் உடன் மறுமொழி விடுத்தார். அவர் தம் மாணவருக்கும் மரங்கொத்தி என்றே ஓதிக்கொடுத்து, அவர்களும் ஊருக்குச் சென்றுவிட்டனராம்.