சிங்கப்பூரில் நாங்கள் உண்ட சாத்தே

கல்விச் சுற்றுலாவைப் பற்றி எழுதுவோர் அருங்காட்சியகத்தையும் விலங்கியல் தோட்டத்தையும் வருணிப்பதே வழக்கம். அவற்றை நாங்களும் கண்டோம். எனினும், 2024ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவர்களோடு சிங்கப்பூர் சென்று திரும்பிய பின், தோட்டத்தில் எங்களை வழிமறித்தோர் யாவரும் கேட்டது ஒன்றே: “பிள்ளைகள் அங்கே என்ன சாப்பிட்டார்கள்?” ஆதலின் அதனையே இங்கு எழுதுகின்றோம்.

சாப்பாட்டைப் பற்றிய விவாதம், புறப்படுவதற்கு முன்பே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்தது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் பணம் மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் அப்போது கொடுக்க வேண்டியிருந்தது. “புளிச்சோறு கட்டிக்கொடுத்து விடுவோம், அங்கே வாங்கித் தின்றால் கட்டுப்படியாகாது” என்றனர் பலர். அவர்கள் சொன்னதில் பிழையில்லை. அப்போது செம்பனைக் காட்டில் வேலை செய்யும் தாய் ஒருவர் எழுந்து, “சோறு இங்கேயும் தின்னலாம். ஒரு கடையில் உட்கார்ந்து, தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்கிச் சாப்பிட என் மகன் எப்போது பழகுவது?” என்றார். கூட்டம் சற்று நேரம் அமைதியாக இருந்தது. முடிவில், காலை உணவுக்கு மட்டும் கட்டுச்சோறு, பகலுக்கும் இரவுக்கும் கடைச் சாப்பாடு என்று தீர்மானமாயிற்று. அதற்கான பணத்தை மூன்று மாதங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்தோம்.

மாணவர் 26 பேர், ஆசிரியர் மூவர், பெற்றோர் இருவர், ஆக 31 பேர் விடியற்காலையில் புறப்பட்டோம். 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜொகூர்க் கடற்பாலத்தை எங்கள் பேருந்து ஊர்ந்து ஊர்ந்து கடந்தது. பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் எறும்பு வரிசைபோல் சென்றன. சிங்கப்பூருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் நம்மவர்களே அவர்களுள் பலர். “எங்கள் அப்பாவும் இப்படித்தான் போவார்” என்று சன்னலோரத்துப் பிள்ளைகள் சிலர் கைகாட்டினர்.

பகல் உணவு முதலில் நன்றாக அமையவில்லை. சிராங்கூன் சாலைப் பகுதியில் ஒரு சாப்பாட்டுக்கடையில் நுழைந்தோம். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு தட்டு என்று பகிர்ந்துகொள்ளலாமா எனக் கேட்டதும், கடைக்காரர் எங்கள் கூட்டத்தை மேலும் கீழும் பார்த்து, ஆளுக்கொரு தட்டு வாங்காவிட்டால் இடமில்லை என்றார். வணிகத்தில் அவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். ஆயினும் உட்கார்ந்த பிள்ளைகளை எழுப்பி வெளியே அழைத்து வந்தபோது எங்கள் முகம் வாடியதை மறைக்க முடியவில்லை.

அங்கிருந்து தேக்கா உணவங்காடிக்கு நடந்தோம். இப்போதுள்ள கட்டடம் 1982ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் ஒருபுறம் காய்கறி, மீன், இறைச்சிச் சந்தை. மறுபுறம் வரிசை வரிசையாக ஒட்டுக்கடைகள். தோசைக்கு ஒரு கடை, பிரியாணிக்கு ஒரு கடை, சீனர் உணவுக்கு வேறு கடைகள். முன்னாளில் தெருவோரத்தில் விற்றவர்களைக் குழாய்நீர் வசதியுள்ள கட்டடங்களில் குடியமர்த்தியதால் உண்டானவையே இத்தகைய அங்காடிகள். இவ்வுணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020ஆம் ஆண்டில் தன் பட்டியலில் சேர்த்தது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் அப்போது காதில் ஏறவில்லை. அவரவர் கையில் ஆறு வெள்ளி கொடுத்து, “பிடித்ததை வாங்கி வாருங்கள்” என்று விட்டுவிட்டோம். முதலில் ஒருவர் முதுகின்பின் ஒருவர் ஒளிந்தனர். பிறகு ஒரு சிறுவன் துணிந்து தோசைக்கடைக்குச் சென்று, “அம்மா, ஒரு முட்டைத் தோசை” என்றான். “எந்த ஊர், தம்பி?” என்று கடையிலிருந்த அம்மையார் தமிழிலேயே கேட்டதும் மற்றவர்க்கும் கூச்சம் தெளிந்தது. உண்டு முடித்தபின் தட்டுகளை நாமே எடுத்து அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும் என்பது அங்கே 2021 முதல் கண்டிப்பான விதி. இதைச் சொல்லித்தர வேண்டிய தேவையே எழவில்லை. நம் பிள்ளைகள் வீட்டில் செய்வதுதான்.

இரவு உணவுக்குச் சென்ற இடம் லாவ் பா சாட். ஹொக்கியன் மொழியில் ‘பழைய சந்தை’ என்பது அதன் பொருள். எட்டுக் கோண வடிவில் வார்ப்பிரும்புத் தூண்களும் வளைவுகளும் கொண்ட இக்கட்டடம் 1894ஆம் ஆண்டில் எழுந்தது. இரும்பெல்லாம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தது. சுற்றிலும் வானளாவும் வங்கிக் கட்டடங்கள். அந்தி சாய்ந்ததும் அதன் பக்கத்திலுள்ள பூன் டாட் தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடுத்தெருவிலேயே மேசை நாற்காலிகளைப் போடுகின்றனர். சாத்தே அடுப்புகள் மூட்டப்படுகின்றன. புகை எழுந்து விளக்கொளியில் சுழல்கின்றது.

மஞ்சள், கொத்தமல்லி, சீரகம், செராய் முதலியவற்றை அரைத்துச் சர்க்கரையோடு இறைச்சியில் பிசைந்து ஊறவைத்து, குச்சியில் கோத்துக் கரிநெருப்பில் வாட்டுவதே சாத்தே. முன்னாளில் தென்னை ஈர்க்கில் கோத்தனர். இப்போது மூங்கில் குச்சி. செராய்த் தண்டின் அடியை நசுக்கித் தூரிகைபோல் ஆக்கி, எண்ணெயில் தோய்த்துத் தடவும்போது நெருப்பு ‘சிர்’ரென்று சீறும். தொட்டுக்கொள்ள நிலக்கடலைக் குழம்பு, கடித்துக்கொள்ள வெள்ளரிக்காயும் பச்சை வெங்காயமும், கூடவே கெத்துப்பாட் சோறு. ‘சதை’ என்ற தமிழ்ச்சொல்லே ‘சாத்தே’ ஆயிற்று என்பாரும் உளர். அது உண்மையாயினும் அல்லவாயினும், அதன் சுவை சாவகத்தாருக்கும் மலாய்க்காரருக்கும் உரியது என்பதே எங்கள் எண்ணம்.

எங்கள் பிள்ளைகள் பலர் மாட்டிறைச்சி உண்ணாதவர்கள். அதைத் தயக்கத்தோடு சொன்னபோது, மலாய்க் கடைக்காரர் புன்னகை செய்து, கோழியையும் ஆட்டையும் தனியே ஒரு புறத்தில் வாட்டித் தனித்தட்டில் வைத்தார். கேட்பதற்கு நாங்கள்தாம் தயங்கினோம். அவர் அதைப் பெரிதாகக் கருதவே இல்லை.

ஆளுக்கு ஐந்து குச்சி வீதம் 155 குச்சிகள். குச்சி ஒன்று 80 காசு. மொத்தம் 124 வெள்ளி. நம் கணக்கில் ஏறத்தாழ 400 ரிங்கிட்! மாணவர்கள் மனக்கணக்காகவே சொல்லிவிட்டு, வாயடைத்துப் போயினர். அதன்பின் எவரும் அவசரமாக மெல்லவில்லை.

1995ஆம் ஆண்டு வரை சிங்கப்பூரின் எஸ்பிளனேட் கடற்கரைப் பகுதியில் சாத்தே கிளப் என்ற புகழ்பெற்ற இடம் இருந்தது. சாத்தே விற்ற முன்னாள் வணிகர்கள், தின்றபின் தட்டில் கிடக்கும் குச்சிகளை எண்ணியே பணம் வாங்குவார்களாம். இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு உற்சாகம் பிறந்தது. எல்லாத் தட்டுகளையும் ஒன்றுசேர்த்துப் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணினர். 152தான் வந்தது. மீண்டும் எண்ணினர். அதே 152. மேசைக்கடியில் தேடினர்.

மூன்று குச்சிகளும் ஒரு மாணவியின் பையில் இருந்தன. வெறுங்குச்சிகள் அல்ல, கோழிச் சாத்தே. தாளில் சுற்றி, வாளிச்சோற்றுக்குப் போடும் நெகிழிப் பைக்குள் முடிந்து வைத்திருந்தாள். “ஏன் சாப்பிடவில்லை? வீடு போய்ச் சேர நள்ளிரவாகிவிடும், கெட்டுப்போகாதா?” என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டோம். அவள் தலைகுனிந்தபடி, “அப்பா இந்த ஊரில்தான் ஆறு வருடமாக வேலை செய்கிறார், ஐயா. சோறு வீட்டிலிருந்துதான் கட்டிக்கொண்டு வருவார். கடையில் வாங்க மாட்டார்” என்றாள்.

அதற்குமேல் நாங்கள் ஒன்றும் பேசவில்லை. மேசையில் மீதமிருந்த வெள்ளரித் துண்டுகளையும் கொஞ்சம் குழம்பையும் தோழியர் அவளுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனர். எல்லார் முன்னிலையிலும் அவளைக் கேட்டிருக்க வேண்டியதில்லை என்ற உறுத்தல் கடற்பாலம் கடக்கும்வரை எங்களை விடவில்லை.

பள்ளி திறந்த முதல் நாள் அவளைத் தனியே அழைத்து விசாரித்தோம். மறுநாள் அதிகாலை நான்கு மணிக்கு, மோட்டார் சைக்கிளை எடுப்பதற்கு முன், தந்தையார் தேநீரோடு இரண்டு குச்சிகளைச் சாப்பிட்டுவிட்டு, மூன்றாவதை அவளுக்கே கொடுத்தாராம். எந்தத் தெருவில் வாங்கினீர்கள் என்று கேட்டாராம். பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டு, “அந்தத் தெரு வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். ஐந்து மணிக்கே புறப்பட்டுவிடுவதால், இருட்டியபின் அங்கே கடை போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது” என்றாராம்.