காவல் தூக்கம்

அழகர்மலை அடிவாரத்தில் என் தாத்தா மாந்தோப்புக் காவலுக்குப் படுப்பார். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் கயிற்றுக் கட்டில்தான் அவருக்கு வீடு. பகலில் குரங்கு, ராத்திரியில் வௌவால். நடுத்தோப்பில் ஒரு கிளையில் மண்ணெண்ணெய் டின்னைக் கட்டி, உள்ளே ஒரு கல்லைத் தொங்கவிட்டு, அதன் கயிற்றைக் கட்டில்வரை இழுத்துவந்து கால் கட்டைவிரலில் சுற்றிக்கொள்வார். குறட்டை நிற்காது, கால் மட்டும் அவ்வப்போது ஒரு வெட்டு வெட்டும். தோப்புக்குள் கடகடவென்று சத்தம் கிளம்ப, வௌவால்கள் கலையும்.

"தாத்தா, நீங்க முழிச்சிருக்கீங்களா, தூங்குறீங்களா?"

"ரெண்டுந்தான்டா."

பின்னாளில், பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றியவர்களைப் பற்றித் தேடித்தேடி வாசித்தேன். கடலே இல்லாத ஊர்க்காரனுக்கு அதில் அப்படியொரு பிடிப்பு. புயலைவிட, சுறாவைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: இருப்பது ஒரே ஆள், அவர் தூங்கும்போது காவல் யார்?

அப்படிச் சுற்றிவந்த முதல் ஆள் ஜோஷுவா ஸ்லோகம். 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து கிளம்பியவர், 1898 ஜூனில் கரை சேர்ந்தார். 'ஸ்ப்ரே' என்ற அவருடைய படகின் நீளம் 37 அடிக்கும் கொஞ்சம் குறைவு. ஆஸ்திரேலியாவின் வடமுனைக்கு அருகிலுள்ள தர்ஸ்டே தீவிலிருந்து இந்துமாக்கடலின் கீலிங் தீவுகளுக்கு 2,700 மைல், 23 நாள். அத்தனை நாளில் அவர் சுக்கானைக் கையில் பிடித்தது மொத்தமாக மூன்று மணி நேரம்கூட இல்லை. வெப்பமண்டலக் கடலில் தென்கிழக்குக் காற்று நாள்கணக்கில் திசை மாறாமல் அடிக்கும். பாயை அதற்கு ஏற்றபடி வைத்து, சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டுப் புத்தகம் படித்தார், சமைத்தார், தூங்கினார். படகு தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. தென்னை சூழ்ந்த கீலிங்கில் குழந்தைகள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். அவர் கறுப்பு ஜாம் தின்பதைப் பார்த்து, படகுக்குப் பூசும் தாரைத் தின்கிறார் என்று பயந்து அலறினார்களாம்.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது பயணத்தின் தொடக்கத்தில், அசோர்ஸ் தீவுகளைத் தாண்டிய ஓர் இரவை. பிளம்ஸும் வெண்ணிறப் பாலாடைக்கட்டியும் சேராமல், வயிற்றுவலியில் சுருண்டு அறைத் தரையிலேயே நினைவு தப்பிக் கிடந்தார். கண் திறந்தபோது வெளியே புயல். சுக்கானருகே சிவப்புத் தொப்பி போட்ட உயரமான மாலுமி. கொலம்பஸின் 'பின்டா' கப்பலை ஓட்டியவன் நான், உனக்கு உதவ வந்தேன் என்றானாம். விடிந்து பார்த்தால் படகு திசை தப்பாமல் 90 மைல் போயிருந்தது.

வலி மயக்கத்தில் கண்ட கனவு என்று சொல்லிவிடலாம். எங்கள் ஊரில் அப்படி லேசாகச் சொல்ல வாய் வராது. கள்ளழகர் கோயிலின் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு மூடிய கதவுதான் உருவம். சந்தனம் பூசிக் கும்பிடுவது அந்தக் கதவுக்குத்தான். சித்திரையில் அழகர் மதுரைக்குக் கிளம்பும்போதும், மலைக்குத் திரும்பும்போதும் நகைக் கணக்கைக் கருப்பன் முன்னால் வாசிப்பார்கள். காவல்காரனுக்குக் கணக்குக் காட்டாமல் சாமியே படி தாண்டுவதில்லை. அந்தச் சிவப்புத் தொப்பிக்காரனைப் படித்தபோது எனக்கு அந்தக் கதவுதான் கண்ணுக்குள் நின்றது.

இன்றைய தனிப்பயணிகள் துண்டுதுண்டாகத் தூங்குகிறார்கள். கப்பல் நடமாட்டமுள்ள இடத்தில் ஒரே மூச்சில் இருபது நிமிடம். அடிவானத்தில் தலைகாட்டும் கப்பல் நெருங்கிவிட அவ்வளவு நேரம் போதும். படகின் பின்புறத்தில் ஒரு தகடு காற்றுக்கேற்பத் திரும்பி, கயிறு வழியாகச் சுக்கானை இழுக்கும். தாத்தாவின் கட்டைவிரல்தான், வேறென்ன?

எந்தக் கயிறும் உதவாத நேரமும் வரும். நம் கடற்படையின் அபிலாஷ் டோமி தனியாக உலகைச் சுற்றும் 2018 கோல்டன் குளோப் பந்தயத்தில் 'துரியா' படகில் போய்க்கொண்டிருந்தார். செப்டம்பர் 21-ல், ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு மேற்கே ஏறக்குறைய 1,900 கடல் மைல் தூரத்தில், புயல் படகைப் புரட்டிப் பாய்மரத்தை முறித்தது. முதுகெலும்பு அடிபட்டு, நடக்க முடியாமல் கிடந்தார். அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தைச் சேர்ந்த பி-8ஐ விமானம் மொரீஷியஸிலிருந்து பறந்துபோய்ப் படகைக் கண்டது. 24-ஆம் தேதி 'ஓசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரைத் தூக்கிக்கொண்டது. அதே டோமி அடுத்த பந்தயத்துக்கும் போனார். 236 நாள் தனியாக ஓட்டி, 2023 ஏப்ரல் 29-ல் இரண்டாவதாக வந்தார். அந்த மனுஷனை நினைக்கும்போதெல்லாம் கை தானாகக் குவிகிறது.

2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகு கிளம்பியது. கடற்படை அதிகாரிகளான கேரளத்தின் தில்னாவும் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் இரண்டே பேராக உலகைச் சுற்றி, 2025 மே 29-ல் திரும்பினார்கள். அழகிரிசாமி எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உள்ள பெயர். ஒருத்தி கண்ணயரும்போது இன்னொருத்தி விழித்திருக்கலாம் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

எனக்குப் பத்து வயதில் ஒரு ராத்திரி, இன்றைக்குக் காவல் நான்தான் என்று அடம்பிடித்தேன். தாத்தா மறுபேச்சில்லாமல் கயிற்றை என் கட்டைவிரலில் சுற்றி, முடிச்சு இறுகாமல் விட்டார். அவர் துண்டை விரித்துத் தரையில் படுத்துக்கொண்டார். இரண்டு மூன்று தடவை காலை ஆட்டிய ஞாபகம் இருக்கிறது. விடிந்தபோது வௌவால் கடித்த காய் ஒன்றுகூடக் கீழே கிடக்கவில்லை. என் காலில் கயிறும் இல்லை. அது கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் படுத்திருந்தவர் கால்வரைக்கும் போயிருந்தது.