வெள்ளி தாங்கும், மணி தாங்குமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பகுதிகளில் வெள்ளிப் பட்டறை இல்லாத தெரு குறைவு. உருக்குபவர், கம்பி இழுப்பவர், வளையம் கோப்பவர், சலங்கை பற்றவைப்பவர், மெருகு போடுபவர் எனப் பல கைகள் மாறித்தான் ஒரு ஜோடிக் கொலுசு கடைக்குப் போகிறது. புதுக் கொலுசைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் பார்க்கப் போனது, பழைய நகைகளைத் துலக்கிப் பழுதுபார்க்கும் ஒரு சிறு பட்டறையை.

ராசிபுரம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பாட்டிமார் போட்ட நகைகள் இங்கே வருகின்றன. அன்று தட்டில் ஒரு கனத்த காப்பும், நிறக்கல் பதித்த கொலுசும், வெள்ளிக் கம்பியில் கோத்த மஞ்சள் மணிமாலையும் இருந்தன. பட்டறைப் பெரியவர் எதையும் தண்ணீரில் போடவில்லை. “வெள்ளி எதையும் தாங்கிக்கும் தம்பி. கூட இருக்கறது தாங்குமான்னு பாக்கணுமில்லீங்க” என்றார்.

முதலில் காப்பைக் கையில் எடைபோட்டுப் பார்த்தார். மேலே மெல்லிய தகடு, உள்ளே அரக்கு. வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ் வேண்டும். அரக்கோ 80 டிகிரியை எட்டும் முன்பே இளகிவிடும். கொதிநீரில் போட்டால் ஓட்டை வழியாக அரக்கு வழிந்து, தகடு நசுங்கிப்போகும். ஸ்பிரிட்டிலும் அரக்கு கரையும்.

அடுத்தது மணிமாலை. ஒரு மணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடி என்றால் சில்லென்றிருக்கும்; இது இல்லை. உள்ளங்கையில் வைத்துச் சூடேறத் தேய்த்து என்னிடம் நீட்டினார். கற்பூர வாசனை! செல்லுலாய்டு. பருத்தி நாரை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திக் கற்பூரம் சேர்த்துச் செய்யும் இந்தப் பொருளுக்கு அமெரிக்காவின் ஹயாட் சகோதரர்கள் 1870இல் காப்புரிமை பெற்றார்கள். தந்தத்துக்கும் ஆமையோட்டுக்கும் மாற்றாக அது உலகெங்கும் பரவியது. சட்டென்று தீப்பற்றும் என்பதால் சூடான ஊசியால் குத்திப் பார்ப்பது ஆபத்து.

தேய்க்கும்போது கார்பாலிக் சோப்பு வாசனை வந்தால் அது பேக்கலைட் என்ற இன்னொரு பழைய பிளாஸ்டிக். 1907இல் லியோ பேக்லண்ட் அதைக் கண்டுபிடித்ததற்கும் அரக்குக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மின்கம்பிகளுக்குக் காப்புப் பூச்சாக அன்று பயன்பட்டது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போன அரக்குதான். அதற்கு மாற்றுத் தேடித்தான் அவர் ஆய்வில் இறங்கினார். நம் காப்புக்குள் இருக்கும் அரக்கும் மேல்நாட்டு பேக்கலைட் வளையலும் ஒரே வரலாற்றின் இரு முனைகள். பால் புரதமான கேசீனிலிருந்தும் அக்காலத்தில் மணிகளும் பொத்தான்களும் செய்தார்கள். அவை தண்ணீரில் ஊறினால் உப்பிப் பிளந்துவிடும்.

இனம் தெரிந்தபின் வேலை விரைவாக நடந்தது. பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கிய நுரைத்தண்ணீரை ஓர் அம்மா தொட்டுத் தொட்டு, வெள்ளியை மட்டும் பிரஷால் துலக்கினார். மணியை, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்து, அடுத்த நொடியே உலர்ந்த துணியால் ஒற்றினார். திராவகம், தின்னர், சூடு எதுவும் அதன் பக்கம் போகவில்லை. கறுத்த வெள்ளியில் வெளிச்சம் ஏற ஏற, மணியின் மஞ்சள் நிறம் அப்படியே நின்றது.

இந்தத் தொழிலில் கூலி பெரும்பாலும் எடைக்குத்தான். துலக்கும் நகையில் எடை கூடுவதில்லை. அதனால் இந்தக் கவனத்துக்குக் கணக்கும் இல்லை. ஹால்மார்க் முத்திரையில் 925 என்றிருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று தெரியும். உடனிருக்கும் மணி எது என்பதை அந்த முத்திரை சொல்லாது. முகர்ந்தும் தொட்டும் பழகிய இந்தக் கைகள்தான் சொல்லும். திராவகப் புகையிலும் பற்றவைப்புப் புகையிலும் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் இவர்களுக்கு நல்ல காற்றோட்டமும், இந்த அறிவுக்கென்று தனிக் கூலியும் கிடைத்தாக வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய மணி நகை இருந்தால், பாலிஷ் போடக் கொடுக்கும் முன் மணி எதனால் ஆனது என்று கேளுங்கள். செல்லுலாய்டு என்றால் காற்றுப்படும்படி தனியே வையுங்கள். அது சிதையும்போது கிளம்பும் அமில வாயு பக்கத்து நகையையும் அரித்துவிடும். பார்த்துச் சொன்னவருக்கு, கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.