ஓங்கல் சொன்ன சேதி

மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவர் குப்பம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தலைப்பிரசவம் முடிந்து மகள் வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. பால் நன்றாகச் சுரக்க வேண்டுமென்று அம்மா பால்சுறா கேட்டிருந்தார். கரைக்குப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பினார்.

"ஓங்கல் ஒண்ணு செத்து ஒதுங்கியிருக்கும்மா. வால்ல வலை அறுத்த காயம். வனத்துறைக்குச் சொன்னோம். கூட வந்த கால்நடை டாக்டர், 'குட்டிக்குப் பால் குடுத்துட்டிருந்த தாய்'னாரு."

மடியில் குழந்தையோடு இருந்த மகளுக்கு அந்த வார்த்தை தைத்தது. போனை எடுத்துத் தேடினாள்.

ஓங்கல் என்றால் டால்பின். நம்மைப் போலவே நுரையீரலால் மூச்சுவிடும், குட்டிக்குப் பாலூட்டும். நாம் சாப்பிடும் மத்தியும் நெத்திலியும்தான் அதற்கும் சாப்பாடு. சின்ன மீனில் துளியாக இருக்கும் நஞ்சு, அதைத் தின்னும் உயிரில் கூடிக்கொண்டே போய், ஓங்கலின் கொழுப்பில் வருடக்கணக்கில் தங்கிவிடுகிறது. பரங்கிப்பேட்டைக் கடலில் கிடைத்த ஓங்கல்களை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தினரும் ஜப்பானிய விஞ்ஞானிகளும் ஆராய்ந்து 1993-ல் முடிவை வெளியிட்டார்கள். வயலுக்கும் கொசுவுக்கும் அடித்த டிடிடி, பிஎச்சி மருந்துகள் அவற்றின் கொழுப்பில் இருந்தன. தாயிடம் சேர்ந்த நஞ்சு பால் வழியே குட்டிக்கு இறங்குகிறது. தலைச்சன் குட்டிக்குத்தான் அதிகம்.

அதைப் படித்ததும் மகளின் கை நின்றது. "அப்போ என் பால்?"

அன்று குழந்தையைப் பார்க்க வந்த கிராம நர்ஸ் சிரித்தார். "பயப்படாதே கண்ணு. தாய்ப்பாலுக்கு மிஞ்சினது எதுவுமில்லை. தாராளமாக் குடு. வயலுக்கு டிடிடி அடிக்கிறதை 1989-லயே நிறுத்திட்டாங்க."

பிறகு அம்மாவிடம் திரும்பினார். "ஆனா சுறா வேணாம்க்கா. மத்த மீனைத் தின்னு வளர்ற மீன்ல பாதரசம் சேரும். நெத்திலி போதும்."

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்கும்படி அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமும் சொல்கிறது.

கரை ஒதுங்கும் எல்லா ஓங்கலும் நஞ்சால் சாவதில்லை. வலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமலும் சாகும். எப்படிச் செத்தாலும், கடலில் நாம் கொட்டியதன் கணக்கு அதன் உடம்பில் இருக்கும். அதே கடலின் மீன்தான் நம் தட்டிலும் விழுகிறது.

மதியம் பூண்டு தட்டிப்போட்ட நெத்திலிக் குழம்பு. குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கியது. அப்பா படகிலிருந்த கிழிந்த வலையைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். முன்பெல்லாம் அதைக் கடலிலேயே விட்டுவிட்டு வருவார்.