கொடி ஏறும் கடற்கரை

மட்டக்களப்பு நகரை விட்டுக் கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்லும் வீதி, ஒரு புறம் கடலையும் மறு புறம் வாவியையும் துணையாக வைத்துக்கொண்டு ஓடுகிறது. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பெரியநீலாவணையில் அம்பாறை மாவட்டம் தொடங்குகிறது. அதன்பின் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். தமிழர் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி மாலையில் தொடுத்த இருவகைப் பூக்கள் போல் அமைந்திருக்கின்றன. ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கிற்று என்பதைப் பெயர்ப் பலகையைப் பார்த்தே வெளியூரார் அறிதல் வேண்டும்.

மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல் வட்டைகள். கிழக்கே வங்கக் கடல். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு மணற்கரை. வயலைத் தூர்க்க மனம் வராது. கடலைத் தள்ள இயலாது. ஆகவே மக்கள் அனைவரும் அந்த மணற்கரையிலேயே வீட்டோடு வீடாக, வேலியோடு வேலியாக வாழ்கின்றனர். மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கும் வழக்கமுள்ள நாடு இது. வளவு ஒன்று, மூன்று மகள்மாருக்கு மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. கிணற்றடியில் ஒரு முருங்கை நிற்கவே இடம் போதாத வளவில், பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுவது எங்கே?

இதற்கு விடையாக ஊரவர் சில மைதானங்களைக் காட்டுவர். கல்முனையிலே சந்தாங்கேணி மைதானம் உண்டு. மருதமுனையிலே முன்னாள் செனட்டர் மசூர் மௌலானாவின் பெயரைத் தாங்கிய மைதானம் உண்டு. ஆயினும் இவற்றில் பந்து உருட்டுவோர் பெரும்பாலும் இளைஞர். சிறுவருக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் பொதுவாக எஞ்சியிருப்பது கடற்கரை ஒன்றே. அந்தக் கடற்கரையை ஊர் முழுவதற்கும் உரிய உல்லாச மண்டபமாக ஆக்கி வைத்திருப்பது ஒரு பழைய தருமம். அதனைக் காணவே நாம் ஜமாதுல் ஆகிர் மாதத் தலைப்பிறை நாளில் கல்முனைக்குடிக்குச் சென்றோம்.

கல்முனைக்குடியில் கடலோரமாக நிற்கிறது கடற்கரைப் பள்ளி. தமிழகத்து நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களின் ஞாபகமாக எழுந்த தலம் இது. பெரியாரின் உடல் இங்கே இல்லை. நினைவு மாத்திரமே இங்கே போற்றப்படுகிறது. நாகூரிலே கந்தூரி தொடங்கும் அதே மாதத்தில் இங்கும் கொடி ஏறும். பன்னிரண்டு நாள் பறந்து, கந்தூரியோடு இறங்கும். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இத்தகைய நாகூர் ஞாபகத் தலங்கள் உண்டு. தமிழ் முஸ்லிம்களின் மரக்கலங்கள் சென்ற கரைகளில் எல்லாம் அவர் பெயர் இறங்கியிருக்கிறது. ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலைத் தம் கையிலிருந்த கண்ணாடியை எறிந்து அடைத்துக் காத்தார் என்னும் கதையை அறியாத கடலோடி இல்லை. கல்முனைக்குடிக் கொடியேற்றத்தின் வயது இரு நூறு ஆண்டு என்பது ஊரார் கணக்கு.

பிற்பகலில் கல்முனைக்குடிப் பெரிய பள்ளிவாசலிலிருந்து கொடி ஊர்வலமாகப் புறப்பட்டது. றபான் முழங்கப் பக்கீர்மார் முன்னே சென்றனர். அவர்களுக்குப் பின்னே பெரியோர், இளைஞர், அவர்களின் தோள்களில் ஏறிய குழந்தைகள். கடற்கரையை அடைந்தபோது நாம் கண்டது ஒரு சனசமுத்திரம். கடல் எது, கூட்டம் எது என்று பிரித்தறிய அலையின் வெண்ணுரையே உதவிற்று. பாத்திஹா ஓதிக் கொடி ஏறியதும் எழுந்த ஆரவாரத்தில், மினாராவிலிருந்த புறாக்கள் எல்லாம் ஒருமிக்கப் பறந்து கடல்மேல் ஒரு வட்டமிட்டு மீண்டன.

அதன்பின் தொடங்கியது மற்றொரு விழா. மணலிலே இரு மருங்கும் கடைகள். கச்சான் கடை, மஸ்கத் கடை, தொதல் கடை, வளையல் கடை, பலூன்காரன், ஊதுகுழல்காரன், இராட்டினக்காரன். இராட்டினத்தில் ஏறிய சிறுமி ஒருத்தி உச்சியில் நின்று தன் வீட்டுக் கூரை தெரிகிறது என்று கூவினாள். கீழே நின்ற தாய் அதைக் கேட்டுத் தானும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். அந்தி சாய்ந்த பின் பெண்கள் கூட்டங் கூட்டமாகக் கடற்கரையில் உலாவுவது மற்ற நாள்களில் அரிது. கொடி நாள்களில் அது இயல்பு. கல்முனைத் தமிழ் அன்பர்களும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தனர். இந்தப் பகுதி முஸ்லிம்கள் விளையாட்டையும் வேடிக்கையையும் ‘முஸ்பாத்தி’ என்று ஒரே சொல்லால் அழைப்பர். அந்தச் சொல்லின் பொருளை அகராதியில் தேடுவதைவிட அன்றைய கடற்கரையில் காண்பது எளிது.

இத்தனைக்கும் அனுமதிச் சீட்டு எங்கும் இல்லை. கந்தூரிச் சோற்றுக்கு விலையும் இல்லை. செலவை ஏற்பது யார் என்று விசாரித்தோம். வட்டையில் நெல் நன்றாக விளைந்தால் ஒரு மூடை அரிசி தருவதாக நேர்ந்துகொண்ட விவசாயி ஒருவர். கரைவலையில் மீன் வாய்த்தால் ஒரு நாள் பங்கைத் தருவதாக நேர்ந்துகொண்ட தோணிக்காரர் ஒருவர். பிள்ளையின் காய்ச்சல் தணிந்ததற்காகத் தேங்காய் கொணர்ந்த தாய் ஒருத்தி. வளைகுடா நாட்டிலிருந்து பணம் அனுப்பிய மகன் ஒருவன். சிறுபிறை மாதக் கணக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முந்தி வருவதால், கொடி ஒரு காலத்தில் விதைப்பிலும் ஒரு காலத்தில் அறுவடையிலும் வருகிறது. விதைப்பில் வந்தால் தோணிக்காரர் கை சற்று நீளும்; கடல் கொந்தளிக்கும் மாரியில் வந்தால் வர்த்தகர் கை நீளும். இவ்வாறு எவரும் கட்டளையிடாமலே பாரம் தோள் மாறிக்கொள்கிறது. ஊர் விளையாட்டுக் கழக இளைஞர்கள் பணத்துக்குப் பதிலாகத் தம் உடலுழைப்பைத் தருகின்றனர். தண்ணீர்ப் பந்தலில் நிற்பதும், வழி தவறிய குழந்தையைத் தோளில் தூக்கி நின்று தாயைத் தேடுவதும் அவர்கள் பணி.

உள்ளதைச் சொல்வதானால், நாம் ஒரு சந்தேகத்துடனேயே அங்கு சென்றிருந்தோம். ஏழைகள் நிறைந்த கரையிலே, துன்பம் பல கண்ட கரையிலே, பலூனுக்கும் இராட்டினத்துக்கும் இடந்தரும் விழாவைத் தருமம் என்று சொல்லலாமா? பசிக்குச் சோறு தருமம். நோய்க்கு மருந்து தருமம். முஸ்பாத்தி எவ்வாறு தருமமாகும்?

இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் கடலே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. போயா தினமும் அதுவே. பள்ளிக்கூடமும் அலுவலகமும் இல்லாத ஓய்வு நாள். பிள்ளைகள் கவலையின்றி இருந்த அந்தக் காலையிலே கடல் எழுந்து ஊருக்குள் வந்தது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. 10,000 பேருக்கு மேல் மாண்டனர். கடலோரமாக நெருங்கியிருந்த வீடுகள் அத்திவாரத்தோடு போயின. அதன்பின் கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாது என்று அரசு முதலில் அறிவித்தது; பின்னர் அத்தூரம் குறைக்கப்பட்டது. மருதமுனையிலே ‘65 மீற்றர்’ என்பது ஒரு வீட்டுத் திட்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. இன்று கடலோரத்தில் பிள்ளைகள் பந்து விளையாடும் வெளிகளில் பல, முன்னர் பிள்ளைகள் உறங்கிய வீடுகள் இருந்த இடங்கள்.

கச்சான் கடை ஓரமாகப் பாய் விரித்து ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். ஐந்தாறு வயதுப் பேரன் ஒருவன் அவர் மடியில் பலூனைக் கொடுத்துவிட்டு அலையை நோக்கி ஓடுவதும் திரும்புவதுமாக இருந்தான். நாம் பேச்சுக் கொடுத்தபோது, கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் மறுமொழி கூறினார்.

“கடல் வந்த பொறகு கடலப் பாக்க மனமில்ல, மகன். வெள்ளாப்புல எழும்பினா அலைச் சத்தம் கேக்கும். காதப் பொத்திக்கிட்டுப் படுத்திருப்பன். நாலு வருஷம் இந்தப் பக்கம் காலெடுத்து வைக்கல்ல. கொடிக்குப் போவம் எண்டு மகள்தான் கையப் புடிச்சிக் கூட்டி வந்தா. சனத்தோட சனமா நிண்டதால நிக்க ஏலுமாயிருந்திச்சு.”

அவர் இழந்தது இரண்டு பேரப்பிள்ளைகளை. அதனை அவர் சொல்லவில்லை. அருகிருந்த மகள் மெல்லச் சொன்னாள். பேரன் நனைந்த காலோடு ஓடிவந்து, “மூத்தம்மா, பலூன்!” என்று கை நீட்டினான். அவர் கொடுத்தார். அவன் மறுபடி ஓடியதும் நம்மைப் பார்த்து, “இந்தப் புள்ளைக்குக் கடல் எண்டா கச்சானும் பலூனும். எனக்கு எண்டா வேற. அவனுக்கு அப்பிடியே இருக்கட்டும், மகன்” என்றார்.

நாம் கொண்டு சென்ற சந்தேகத்துக்கு இதைவிடத் தெளிவான விடை வேறெங்கும் கிடைத்திருக்கும் என்று தோன்றவில்லை. சோறும் வீடும் கொடுத்தவர்கள் பலர். நன்றியோடு நினைக்கத் தக்கவர்கள். ஆனால் கடலுக்கு முன்னே ஒரு மனுஷியை மீண்டும் நிற்க வைத்தது ஊரோடு கூடிய ஒரு மகிழ்ச்சி. அதற்குச் செலவிட்ட பணம் வீணாகுமா?

முன்னோர் இதனை அறிந்தே இருந்தனர். 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலையை ஏறிய உலகப் பிரயாணி இப்னு பதூதா, அதற்கு முன் 1326இல் டமஸ்கஸ் நகரில் கண்ட ஒரு காட்சியை எழுதி வைத்திருக்கிறார். அடிமைச் சிறுவன் ஒருவனின் கையிலிருந்து சீனப் பீங்கான் தட்டொன்று விழுந்து உடைந்தது. எசமானின் கோபத்துக்கு அஞ்சி அவன் கலங்கி நின்றான். வழிப்போக்கர் ஒருவர், உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திரங்களுக்கான வக்பு நிர்வாகியிடம் போகும்படி சொன்னார்; அங்கே புதிய தட்டுக்கு உரிய பணம் கிடைத்தது. உடைந்த தட்டுக்கென ஓர் அறக்கட்டளை! உள்ளம் உடைவதைத் தடுப்பதும் தருமமே என்று அந்நகரத்தார் கருதினர்.

இங்கிலாந்திலே இதே கேள்வி நீதிமன்றம் ஏறிற்று. லண்டனை அடுத்த வெஸ்ட் ஹாம், லேட்டன் பகுதிகளில் மெதடிஸ்த சபையைச் சார்ந்தோரின் நல்வாழ்வுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் ஒதுக்கிய நிலம் சட்டப்படி தருமச் சொத்து ஆகாது என்று 1955இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஊர் மண்டபங்களும் விளையாட்டிடங்களும் என்னவாகும் என்ற கவலை எழவே, 1958இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிற்று. சமூக நலன் கருதி, பொதுமக்களின் ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் வசதி செய்வதும் தருமமே என்று அச்சட்டம் வரையறுத்தது. நம் நாட்டிலோ, அதற்கு இரண்டாண்டு முன்னதாக 1956இல் வந்த 51ஆம் இலக்க வக்புச் சட்டம், பள்ளிவாசல்களோடு ஸியாரங்களையும் மக்கள் நாடிக் கூடும் தலங்களையும் தன் பாதுகாப்பில் சேர்த்துக்கொண்டது.

கந்தூரியை ஒப்பாத முஸ்லிம்களும் ஊரில் உண்டு. மார்க்கத்தின் மூல நூல்களில் இதற்கு ஆதாரமில்லை என்பது அவர்கள் கருத்து. அன்று நாம் சந்தித்த ஆசிரியர் ஒருவர் அவ்வாறே கூறினார். அவர் கொடியடிக்குச் செல்லவில்லை. ஆனால் கடற்கரையின் ஓரத்தில் தம் பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். “பாத்திஹாவில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு, பிள்ளைகள் சிரிப்பதில் வேறுபாடு இல்லை” என்றார். மார்க்கத் தீர்ப்பு வழங்குவது நம் வேலையன்று. அவரவர் மனச்சாட்சிக்கு அதனை விட்டுவிடுவோம். எந்தக் கருத்தினராயினும் பிள்ளைகளுக்கு ஒரு வெளி வேண்டும் என்பதில் மட்டும் ஊர் ஒன்றாயிருக்கிறது.

அந்த வெளிக்கே இன்று ஆபத்து. தெற்கே ஒலுவிலில் 2013இல் துறைமுகம் திறந்தபின், ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் கரையை அரித்துத் தென்னந்தோப்புகளை விழுங்கி வருவதை எவரும் சென்று காணலாம். அரிப்பு ஒரு புறம். ஒடுங்கிய கரையில் கட்டடத்துக்கு இடம் தேடும் ஆசை மறு புறம். பேரலை விட்டுச் சென்ற வெளியை ஆளுக்கொரு வேலி போட்டுப் பங்கிட்டுக்கொண்டால், கொடி ஏறும் நாளில் இத்தனை சனம் நிற்பது எங்கே? ஊர்ப் பெரியோரும் மாநகர சபையினரும் பள்ளி நம்பிக்கையாளர்களும் கூடிச் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. அரிப்பைத் தடுக்கும் அணைக்காகக் குரல் கொடுப்பதோடு, எஞ்சிய மணலில் ஒரு பகுதியையாவது எவரும் கட்டாத, எவரும் விற்காத பொதுவெளியாக எழுதி வைத்தல் வேண்டும். அரிசி மூடை நேர்ந்துகொள்ளும் ஊரில், மணலை நேர்ந்துகொள்ள மனம் வாராதா?

இரவு பத்து மணியளவில் நாம் விடைபெற்றோம். கடைகளில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மூதாட்டியின் பாயில் பேரன் உறங்கிவிட்டான். காற்று இறங்கிய பலூன் அவன் கையிலேயே இருந்தது. மேலே கொடி பறந்துகொண்டிருந்தது. அவர் மட்டும் இன்னமும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், காதைப் பொத்தவில்லை.