கொல்லிமலையில் நானே ஹாரன்!

"கொல்லிமலைக்குப் போய் வந்தோம்" என்று சொன்னால், கேட்பவர்கள் எல்லோரும் "அருவியில் குளித்தீர்களா?" என்றுதான் கேட்கிறார்கள். "இல்லை, ஹாரன் அடித்தேன்" என்று நான் பதில் சொல்கிறேன். உடனே என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். முழு விஷயத்தையும் கேட்டால் நீங்கள் அப்படிப் பார்க்கமாட்டீர்கள்.

எங்கள் வீட்டில் நான், இவர், மாமியார், பெரியவள், சின்னவன் என்று ஐந்து பேர். ஆறாவது ஆள் ஒன்று ஷெட்டில் இருக்கிறது. மாமனார் வாங்கிய 1978-ஆம் வருஷத்து அம்பாஸடர் கார். 2014-இல் அந்தக் காரைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். இவர் மட்டும் அதைத் துடைப்பதையும் நிறுத்தவில்லை, புகழ்வதையும் நிறுத்தவில்லை. அந்த வண்டிக்கு ஒரு குறை என்று நான் வாயைத் திறந்தால் போதும், அன்று ராத்திரி என் சாம்பாரில் உப்புக் குறைந்துவிடும்!

சென்ற தை மாதம் சேலத்தில் ஓர் உறவுக்காரக் கல்யாணம். "இவ்வளவு தூரம் வந்தாச்சு. கொல்லிமலை அறப்பளீசுவரரைத் தரிசனம் பண்ணிவிட்டால் எனக்கு வேறு ஆசையே இல்லை" என்றார் மாமியார். இப்படி இதற்கு முன் பத்துப் பதினைந்து தடவை சொல்லியிருக்கிறார். ஆனாலும் பெரியவர்கள் பேச்சைத் தட்டலாமா? மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

முதலில் நாமக்கல். அங்கே 18 அடி உயர ஆஞ்சநேயர், தலைக்கு மேலே கூரையில்லாமல், வெயிலிலும் மழையிலும் கை கூப்பி நிற்கிறார். தரிசனத்தை முடித்துக்கொண்டு இவர் வண்டியை வலப்பக்கம் ஒடித்தார். "பாம்!" என்று ஹாரன் தானாகவே அலறியது. பூக்கூடையோடு போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் திடுக்கிட்டு ஒதுங்கினாள்.

"நான் ஹாரனைத் தொடவே இல்லையே!" என்றார் இவர்.

"ஆஞ்சநேயருக்கு வண்டி கும்பிடு போடுதுடா" என்றார் மாமியார். பின்னால் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நாமக்கல், லாரிகளுக்குக் கூண்டு கட்டுவதில் பேர்போன ஊர். வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை செய்யும் கடைகளுக்கு அங்கே பஞ்சமே கிடையாது. "ஒரு நிமிஷம் காட்டிவிட்டுப் போகலாமே" என்றேன்.

"ஹாரன் அடிக்காவிட்டால் கோளாறு. அடித்தால் என்ன கோளாறு? பழைய வண்டி, கொஞ்சம் வாய் ஜாஸ்தி, அவ்வளவுதான்" என்றார் இவர். சொல்லிவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். எனக்குப் புரிந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி எல்லாம் தாண்டிக் காரவள்ளி வந்து சேர்ந்தோம். மலையடிவாரம். அங்கிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை நிற்கிறது. சின்னவன் "ஒண்ணு, ரெண்டு" என்று உரக்க எண்ண ஆரம்பித்தான்.

ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. வளைவுக்கு வளைவு கீழே உள்ள வயல்களும் ஊர்களும் கொலு வைத்த பொம்மைகள்போலச் சிறுத்துக்கொண்டே வந்தன. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம். வளைவின் அந்தப் புறத்தில் என்ன வருகிறது என்பது திரும்பி முடிக்கும் வரையில் தெரியாது. அதனால் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தாக வேண்டும். எங்கள் வண்டியோ கேட்டாலும் அடித்தது, கேட்காவிட்டாலும் அடித்தது.

"பதினேழு!" என்றான் சின்னவன்.

இவர் பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லை. மறுபடி அழுத்திக்கொண்டே வண்டியைத் திருப்பிவிட்டார். எதிரே, சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பஸ்!

இவர் பிரேக்கை மிதித்தார். பஸ்காரரும் மிதித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது பஸ்ஸின் முகத்துக்கும் எங்கள் முகப்புக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. மாமியார் இரண்டு குழந்தைகளையும் இரு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் மட்டும் அசைந்தன.

"ஏனுங்க, ஒரு ஹாரன் அடிச்சா என்னங்க?" என்று பஸ் டிரைவர் கேட்டார். கேட்டது நியாயம்தானே! இவரால் பதில் சொல்ல முடியவில்லை. சக்கரத்தைப் பிடித்திருந்த கைகள் நடுங்குவதைப் பார்த்தேன். பத்து வருஷக் குடித்தனத்தில் அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

பஸ் மெல்ல விலகிப் போயிற்று. வண்டியை ஓர் அகலமான இடத்தில் ஓரம் கட்டினோம். பின்னால் வந்த ஒரு சிறு லாரியும் நின்றது. சுமார் ஐம்பது வயசுள்ள டிரைவர், தலையில் துண்டு. "என்னங்க சார், பேச்சு மூச்சில்லையா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு சின்ன பல்பை எடுத்து வந்தார். அதிலிருந்து இரண்டு வயர்கள் தொங்கின.

பிறகு அவர் செய்த காரியம் டாக்டர் நாடி பிடிப்பதைப்போல இருந்தது. முதலில் முன் விளக்கைப் போடச் சொன்னார். பளிச்சென்று எரிந்தது. "பேட்டரி நல்லாயிருக்குங்க." அடுத்து ஃப்யூஸ். சின்னக் கண்ணாடிக் குழாய், உள்ளே மெல்லிய கம்பி. கம்பி அறுந்திருக்கவில்லை. முனைகளைத் துண்டால் துடைத்துத் திரும்பப் பொருத்தினார். ஹாரன் பேசவில்லை.

பிறகு பல்பின் ஒரு வயரை வண்டியின் இரும்பிலும், மற்றொன்றை ஹாரனுக்குக் கரெண்ட் வரும் முனையிலும் வைத்தார். பல்பு எரிந்தது. "இதுவரைக்கும் கரெண்ட் வந்துடுச்சுங்க." ஹாரனின் அடுத்த முனையிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து வண்டியின் இரும்பில் தொட்டார். "பாம்!" மலையே எதிரொலித்தது.

"பார்த்தீங்களா? ஹாரன் மேலே தப்பில்லைங்க. இந்த வண்டியிலே ஹாரனுக்கு எப்பவும் கரெண்ட் வந்து நிக்கும். நீங்க பொத்தானை அழுத்தினா, அந்தப் பக்கத்து வயர் இரும்பைத் தொடும். அப்பத்தான் சத்தம் வரும். ஸ்டியரிங் குழாய்க்குள்ளே போற அந்த வயர்தான் போயிருக்கணும். அதுசரி, இதுக்கு முன்னாடி தானாவே அடிச்சுதுங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் பள்ளத்தாக்கைப் பார்த்தேன்.

"அடிச்சுது" என்றார் இவர், மெதுவாக.

"அதுதானுங்க. வயர் மேலே இருக்கிற உறை தேஞ்சு, திருப்பறப்போ இரும்பிலே பட்டிருக்கு. அதனாலே தானா அடிச்சுது. தேஞ்சு தேஞ்சு இப்போ வயரே அறுந்துபோச்சு. ஹாரன் சும்மா கத்தலைங்க சார், உங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கு!"

நாமக்கல்லில் நான் சொன்னதும் அதுதான். இருந்தாலும் அப்போது அதைச் சொல்லிக்காட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டியரிங்கைக் கழற்றினால்தான் அதைச் சரி செய்யலாம், அது மலையில் நடக்கிற வேலை இல்லை என்றார். வண்டியைத் திருப்பிக் கீழே போகலாம் என்றால், ஹாரன் இல்லாமல் அதே 17 வளைவுகளையும் இறங்கியாக வேண்டுமே!

அதற்கும் அவரே வழி சொன்னார். ஹாரனின் அந்த இரண்டாவது முனையில் ஒரு நீள வயரைக் கட்டினார். பானெட் மூடியின் ஓரம் அதை நசுக்கிவிடாதபடி அந்த இடத்தில் சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றினார். ஜன்னல் வழியாக அதை உள்ளே இழுத்து, பிடிக்கிற இடத்தில் டேப் சுற்றி, என் கையில் கொடுத்தார்.

"அம்மா, சார் வண்டியைப் பார்த்துக்கட்டும். நீங்க ஹாரனைப் பார்த்துக்கோங்க. இந்த முனையை டாஷ்போர்டு ஸ்குரூவிலே தொட்டா அடிக்கும், எடுத்தா நிக்கும்."

"ஐயோ, ஷாக் அடிக்காதா?" என்றார் மாமியார்.

"12 வோல்ட்டுதானுங்க பாட்டிம்மா, ஒண்ணும் பண்ணாது. சின்னப் பொறி தெறிக்கும், அவ்வளவுதான். பெட்ரோல் பக்கம் மட்டும் கொண்டு போகாதீங்க. ரொம்ப நேரம் அழுத்தியும் வைக்காதீங்க." பிறகு என்னைப் பார்த்து, "வளைவுக்கு முன்னாடியே அடிக்கணுமுங்க. அடிச்சுட்டுக் காதைக் கொடுத்துக் கேக்கணும். பதில் வந்தா நின்னுடணும். மலையிலே கண்ணுக்கு முன்னாடி காது போகணும்" என்றார். பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. சின்னவன் நீட்டிய கல்யாண வீட்டு லட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மீதி 53 வளைவுகளுக்கும் நான்தான் ஹாரன். முதலில் கை உதறியது. போகப் போக வித்தை பிடிபட்டது. வளைவு நெருங்கும்போது ஒரு தொடுதல். பிறகு எல்லோரும் மூச்சுவிடாமல் காது கொடுப்போம். மேலேயிருந்து பதில் குரல் வந்தால், "நில்லுங்கள்" என்பேன். இவரும் மறு பேச்சில்லாமல் நிற்பார்! விலக இடமில்லாத மலைப் பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது சட்டம். ஆனாலும் அன்று நாங்கள் சட்டம் பேசவில்லை, எல்லோருக்கும் வழி விட்டோம்.

நகரத்தில் ஹாரன் என்றால் "தள்ளிப் போ" என்று அதட்டுவது. இங்கேயோ, முகம் தெரியாத ஒருவருக்கு, "நான் வருகிறேன், ஜாக்கிரதை" என்று சொல்லி அனுப்புகிற சேதி. எத்தனை வித்தியாசம்!

மேலே மலை ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரம். மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கிறது. பலா, அன்னாசி, வாழை, காப்பி எல்லாம் விளைகின்றன. செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்று புறநானூறு புகழ்கிற வள்ளல் அவன். அறப்பளீசுவரர் சந்நிதியில் மாமியார் வெகு நேரம் கண்ணை மூடி நின்றார். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். அவரைத் தனியே விட்டுவிட்டு இறங்க யாருக்கும் மனம் வரவில்லை. அருவியின் ஓசையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினோம்.

இறங்கும்போதும் நானே ஹாரன். பதினேழாம் வளைவு வந்ததும் மாமியார் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார். "இங்கே கொஞ்சம் பலமா அடிடி அம்மா" என்றார்.

நாமக்கல்லில் ஒரு கடையில் ஸ்டியரிங்கைக் கழற்றினார்கள். லாரிக்காரர் சொன்னது சொன்னபடியே இருந்தது. தேய்ந்து, கறுத்து, அறுந்து கிடந்தது வயர். புது வயர் போட்டு முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காலையில் அந்த ஒரு மணி நேரம் எங்களிடம் இல்லாமல்தானே போயிற்று!

பழைய வண்டி வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஹாரன் தானாக அடித்தாலும், திருப்பும்போது மட்டும் வந்து வந்து போனாலும், குரல் கம்மினாலும் சிரித்துவிட்டு விடாதீர்கள். மலை ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தை இரு பக்கமும் திருப்பி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தடவை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். "பழைய வண்டிக்கு வாய் ஜாஸ்தி" என்று பதில் வந்தாலும் விடாதீர்கள்.

அந்த நீள வயரை நான் எறியவில்லை. சுருட்டி, காரின் முன்னறைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். வெளியூர் கிளம்பும்போதெல்லாம் இவர் அதைத் திறந்து ஒரு முறை பார்த்துக்கொள்கிறார். பிறகு என் பக்கம் திரும்பி, "வேறு ஏதாவது சத்தம் கேட்கிறதா?" என்று கேட்கிறார்.